குஞ்சப்பனைக்கு இரண்டு நொடி

இஸ்மத் நான்கு டயர்களை உருட்டி வந்து
சுவரோரம் நிறுத்தினார்.
ஒவ்வொன்றின் விலாவிலும் எண்கள்.
கோத்தகிரி அரசு மருத்துவமனை லேபில்
நாள் முழுக்க எண் வாசிக்கிறவள் நான்,
யூரியா, தட்டணு, ஹீமோகுளோபின்.
குனிந்து இதையும் வாசித்தேன்.
நூற்றுத் தொண்ணூற்றைந்து, ஐம்பத்தைந்து, பதினாறு.
போன வருடம் முப்பத்திரண்டாம் வாரம் பிறந்தது.
தேய்மான எண் இருநூறு.
பக்கத்திலிருந்ததற்கு முந்நூற்று நாற்பது.

இருநூறை நகத்தால் அழுத்திப் பார்த்தேன்.
உருண்டைப் பதத்துக்கு வந்த வெல்லப்பாகு போல
உள்வாங்கியது.
"செட்டிபாளையம் டிராக்கில் இது கோந்து மேடம்.
டிசம்பர் காலையில், ஆறு டிகிரியில்,
இது எழுந்திரிக்கவே எழுந்திரிக்காது.
நீங்க கட்டபெட்டு போய்ச் சேர்ந்தப்புறம்தான்
கண்ணைத் திறக்கும்."

வருடத்தில் நாலு ஞாயிறு
நான் ஹெல்மெட் போடுகிறேன்.
மற்ற நாளெல்லாம் பின்சீட்டில்
கேரட் மூட்டை, ஈரக் குடை,
பக்கத்து வீட்டு ஷைலஜா மகனின் கிடார்.
இப்படிக் கணக்குப் போட்டால்
விடை வந்துவிட வேண்டும்.
வரவில்லை.
மனசு அந்த நாலு ஞாயிறில்தான்
வாடகை கொடுத்துக் குடியிருக்கிறது.

தும்மனட்டி போஜனிடம் இரண்டு செட் இருக்கிறது.
டிராக் டயர்களை உருளைக்கிழங்குக் கொட்டகையில்
சாக்குகளுக்கு நடுவே வைத்திருக்கிறான்,
கறுப்பாய், வழவழவென்று, ஒரு கோடுகூட இல்லாமல்.
முளைவிட்ட கிழங்கின் வாசனையோடுதான்
அவை மலையிறங்கும்.
எனக்குக் கொட்டகை கிடையாது.
குவார்ட்டர்ஸ் கட்டிலுக்கு அடியில்
ஏற்கெனவே ஒரு ரேடியேட்டர் படுத்திருக்கிறது.
கணவர் அதைப் பற்றி எதுவும் சொன்னதில்லை,
பெருக்கும்போது மட்டும்
துடைப்பத்தால் இரண்டு தட்டு தட்டுவார்.

ஜூனில் நடந்ததை இஸ்மத்திடம் சொல்லவில்லை.
பலாக் காலம்.
குஞ்சப்பனைக்கு மேலே
கடைக்காரர்கள் படுதா இறக்கிவிட்ட நேரம்.
மழை விட்டுப் பத்து நிமிடம் இருக்கும்.
ரோடு காலி என்ற தைரியத்தில்
டிராக்கில் கற்ற கோட்டைப் பிடித்தேன்,
வெளியே தொடங்கி, உள்ளே உரசி, மறுபடி வெளியே.
செய்யக்கூடாததுதான்.
வளைவின் உள்முனையில் நசுங்கிய பலாச்சுளை.
அதற்கப்பால், மீதிப் பழத்தைத்
தின்றுகொண்டிருந்த யானை.

மிதித்தேன்.
தேய்ந்த டயர் மஞ்சள்மேல்
வழுக்கிக்கொண்டே யோசித்தது.
ஸ்டியரிங்கில் எடை இல்லை,
இருட்டில் இல்லாத படியில்
கால் வைத்தாற்போல.
நின்றது.
எவ்வளவு தள்ளி நின்றது என்று
இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.
காய்ந்த கண்ணாடியில்
வைப்பர் மட்டும் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது.

"முந்நூற்று நாற்பதைப் போடுங்க" என்றேன்.
தண்ணீர் ஓட அகலமாய் நாலு வாய்க்கால்.
விலா கொஞ்சம் இளக்கம்தான்.
நீண்ட திருப்பங்களில் மடங்கும், முனகும்,
நாலாவது சுற்றில் கொதித்துக் குழையும்.
தெரியும். இஸ்மத்துக்கும் தெரியும்.
பழையதைக் கழற்றப் போய்விட்டார்.

சித்திரையில் செட்டிபாளையம்.
செருப்பைத் தாண்டிச் சுட்டது தார்.
போஜன் என்னை இரண்டு முறை முந்தினான்,
இரண்டாம் முறை கையசைத்துக்கொண்டே.
முப்பத்தெட்டுக்கு ஏறியிருந்த காற்றை
முப்பத்துமூன்றுக்கு இறக்கி மறுபடி ஓடினேன்.
ஸ்டாப்வாட்ச் பையன் உதட்டைப் பிதுக்கினான்.
"சுத்துக்கு ரெண்டு நொடி எங்கக்கா போச்சு?"

மலையில் இருக்கிறது தம்பி.
படுதா இறக்கிய கடைகளைத் தாண்டி,
அந்த வளைவின் உள்முனையில்
ஒருத்தி அதை அவசரமே இல்லாமல்
சுளை சுளையாய்ப் பிரித்துத்
தின்றுகொண்டிருக்கிறாள்.
இதையெல்லாம் அவனிடம் சொல்ல முடியுமா,
"எஞ்சின் பழசுடா" என்றேன்.

மேட்டுப்பாளையம் பங்கில்
மறுபடி காற்று ஏற்றினேன்.
மேலே மழை என்றார்கள்.
வாய்க்கால்களில் ஒட்டியிருந்த
யார் யாருடையதோ டிராக் ரப்பரை
வீட்டுச் சாவியால் நோண்டி எறிந்துவிட்டு
ஏறத் தொடங்கினேன்.